மிஞ்சிய சோறும் முட்டை ஓடும்: கால்சியம் லாக்டேட் எடுத்த அனுபவம்

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் என் அண்ணி சாப்பாட்டுக் கடை நடத்துகிறார். மட்டை அரிசிச் சோறு கேட்பவர்களுக்கு ஓர் அண்டா, பொன்னி கேட்பவர்களுக்கு ஓர் அண்டா. வேலந்தாவளம் சந்தைக்குத் தக்காளி ஏற்றிப் போகிறவர்கள், கோவைக்குக் கட்டட வேலைக்குப் போய்த் திரும்புகிறவர்கள் என்று கூட்டம் நிறையும் நாளும் உண்டு, இலை போட ஆளில்லாத நாளும் உண்டு. எத்தனை பேர் வருவார்கள் என்பது காலையில் அரிசி களையும்போது யாருக்கும் தெரியாது. அதனால் நாளுக்கு மூன்று கிலோ முதல் ஐந்து கிலோ வரை சோறு மிஞ்சுகிறது. முன்பு பன்றி வளர்க்கும் ஒருவர் டிரம்மோடு வந்து எடுத்துப் போவார். அவர் தொழிலை விட்ட பிறகு தென்னைக்கு அடியில் குழி வெட்டிக் கொட்டினோம். குழியைச் சுற்றி நாயும் ஈயும் சேர்ந்தன. அரிசி விலை தெரிந்த எவருக்கும் அந்தக் குழியைப் பார்க்க வயிறு எரியும்.

நான் இங்கே ஒரு தமிழ்வழிப் பள்ளியில் வேதியியல் கற்பிக்கிறேன். சர்க்கரையை நுண்ணுயிர்கள், தயிரைப் புளிக்க வைக்கும் லாக்டிக் அமிலமாக மாற்றும் என்று ஆண்டுதோறும் பலகையில் எழுதுகிறேன். ஒரு மூலக்கூறு குளுக்கோஸிலிருந்து இரண்டு மூலக்கூறு லாக்டிக் அமிலம். கணக்குப்படி 180 கிராம் சர்க்கரைக்கு 180 கிராம் அமிலம், ஒரு கிராம்கூடச் சேதமில்லை. இவ்வளவு சிக்கனமான வினை வேதியியலில் அதிகம் கிடையாது. தோல் பதனிடுவதற்கும் உணவுத் தொழிலுக்கும் மட்கும் பிளாஸ்டிக் செய்வதற்கும் உலகில் இன்று தயாராகும் லாக்டிக் அமிலத்தின் பெரும்பகுதி நொதித்தல் வழியாகத்தான் வருகிறது. அதற்கு மக்காச்சோளமும் கரும்புச் சர்க்கரையும் மரவள்ளி மாவும் போகின்றன. நம் குழியில் விழுவதும் அதே மாவுச்சத்துதானே, இதிலிருந்து எத்தனை கிராம் எடுக்க முடியும் என்று கையால் செய்து பார்க்கத் தோன்றியது.

முதல் தடவை எளிதாக நினைத்து இறங்கினேன். மூன்று கிலோ சோற்றைக் கஞ்சித் தண்ணீரோடு மசித்துப் பத்து லிட்டர் ஆக்கி, ஒரு கரண்டி தயிரும் ஒரு கரண்டி புளித்த இட்லி மாவும் விட்டு மூடி வைத்தேன். மறுநாளே புளித்தது. மூன்றாம் நாள், புளிப்பை அளக்கும் பி.எச். தாளில் 3.5 காட்டியது (எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்). அதன் பிறகு ஒரு வாரம் வைத்தும் எண் அசையவில்லை. பள்ளி ஆய்வகத்தில் சோடியம் ஹைட்ராக்சைடு கொண்டு தரம் பார்த்து அமிலத்தை அளந்ததில், நூறு மில்லிக்கு ஒரு கிராம்கூட இல்லை. அயோடின் ஒரு சொட்டு விட்டதும் கலவை மைநீலமாக மாறியது. மாவுச்சத்து அப்படியே கிடக்கிறது என்று பொருள்.

எங்கே தவறு என்று உட்கார்ந்து யோசித்தபோது மூன்று காரணங்கள் தெரிந்தன. தயிரில் இருக்கும் உயிர்கள் பால் சர்க்கரைக்குப் பழகியவை. சோற்றின் மாவுச்சத்து நீண்ட சங்கிலி. அதை வெட்டிச் சர்க்கரையாக்கும் நொதி அவற்றிடம் கிடையாது. இட்லி மாவிலோ லியூகோனோஸ்டாக் என்ற இனம் முன்னிற்கிறது. அது சர்க்கரையை முழுதாக அமிலமாக்காமல், பாதியைக் கரியமில வாயுவாகவும் ஆல்கஹாலாகவும் பிரித்துவிடும். அந்த வாயுதான் மாவைப் பொங்க வைக்கிறது. இட்லிக்கு அது வரம், அமிலம் வேண்டுகிறவருக்கு அது நட்டம். மூன்றாவது காரணம்தான் பெரியது. அமிலம் கூடக் கூட, அதை உண்டாக்கிய உயிர்களையே அது முடக்குகிறது. பி.எச். நான்குக்குக் கீழே இறங்கியதும் அவை வேலையை நிறுத்திவிடுகின்றன. ஊறுகாயும் பழைய சோறும் கெடாமல் இருப்பதற்குக் காரணமான அதே பண்பு எனக்குச் சுவராக நின்றது.

அந்தப் புளித்த நீரைக் கொட்ட மனம் வரவில்லை. எங்கள் பகுதியில் கிணற்று நீர் கடினம். அண்ணியின் இட்லிக் கொப்பரையில் உப்புப் படிந்து சுண்ணாம்பு அடித்தது போல் வெளுத்திருக்கும். தேங்காய் நாரும் செங்கல் தூளும் போட்டுத் தேய்த்தாலும் போகாது. வடிகட்டிய புளித்த நீரைக் கொப்பரையில் ஊற்றினேன். ஊற்றியதும் அடியிலிருந்து மெல்லிய சீறல் கேட்டது. காதை வைத்துக் கேட்டால் மணல் உதிர்வது போன்ற ஒலி. இரவு முழுதும் ஊறவிட்டுக் காலையில் விரலால் தடவியபோது படிவு சேறாக வழிந்து வந்தது. அண்ணி கொப்பரையை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அம்மிணி, இது வாங்கின அன்றைக்கு இருந்த மாதிரி இருக்கிறது” என்றார்.

எனக்கு அந்தச் சீறல்தான் முக்கியமாகப் பட்டது. கொப்பரையின் உப்பு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அமிலம் அதைக் கரைத்துக் கால்சியம் லாக்டேட்டாக மாறுகிறது. கரியமில வாயு வெளியேறுகிறது. நொதிக்கும் பானைக்குள்ளேயே இது நடந்தால் அமிலம் சேரச் சேரத் தீர்ந்துகொண்டிருக்கும், உயிர்கள் நிற்காமல் உழைக்கும். இது புதிய வழி அல்ல. 1780இல் சுவீடன் வேதியியலாளர் ஷீலே புளித்த பாலிலிருந்து இந்த அமிலத்தை முதன்முதலில் பிரித்தபோதே சுண்ணாம்பின் உதவியைத்தான் நாடினார். 1881இல் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் சார்லஸ் ஏவரி என்பவர் ரொட்டி உப்ப வைக்கும் பொடிக்காகக் கால்சியம் லாக்டேட்டைத் தொழிலாகச் செய்யத் தொடங்கினார். கால்சியம் கார்பனேட்டுக்கு நான் எங்கும் போக வேண்டியதில்லை. முட்டை ஓட்டில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் அதுதான். ஆம்லெட்டும் முட்டைக் குழம்பும் போடும் கடையில் ஓட்டுக்கு என்ன குறை?

இரண்டாம் தடவை வெட்டப்படாத மாவுச்சத்து, மிஞ்சும் அமிலம் இரண்டையும் சரிசெய்தேன். மாவுச்சத்தை வெட்டக் கேழ்வரகை முளைகட்டிக் காயவைத்து அரைத்துச் சேர்த்தேன். கேழ்வரகு முளைவிடும்போது தன் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்க அமைலேஸ் என்ற நொதியைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. நம் வீடுகளில் குழந்தைக்கு முளைகட்டிய கேழ்வரகுக் கஞ்சி கொடுப்பதும் இதனால்தான். கஞ்சி கெட்டிப்படாமல் இளகி, இனிப்பாகவும் இருக்கும். ஆனால் அந்தத் தடவை பேராசைப்பட்டு இரண்டு பிழைகள் செய்தேன். சோற்றோடு காய்கறிக் கழிவையும் போட்டேன்: உருளைக்கிழங்குத் தோல், கேரட் நுனி, முட்டைக்கோசின் வெளி இலை. அடிக்கடி கிளற வேண்டாமே என்று முட்டை ஓட்டுப் பொடி முழுவதையும் முதல் நாளே கொட்டினேன்.

நான்கு நாள் நன்றாகத்தான் போனது. ஐந்தாம் நாள் மாலை பள்ளியிலிருந்து வந்து பார்த்தால் டிரம் மூடி மேலே உப்பியிருந்தது. திறந்ததும் வந்த நாற்றத்தை எழுத்தில் சொல்வது கடினம். மாதக்கணக்கில் மூடி வைத்த கெட்ட நெய்யும் குழந்தை கக்கிய பாலும் சேர்ந்தது போல் இருந்தது. உடுத்தியிருந்த சேலையை மூன்று முறை துவைத்தும் வாசனை போகவில்லை. பக்கத்து வீட்டு அக்கா எதுவும் கேட்கவில்லை, ஜன்னலை மட்டும் சாத்திவிட்டார். அது எனக்கு இன்னும் வருத்தமாக இருக்கிறது. மறுநாள் போய் மன்னிப்புக் கேட்டேன்.

அந்த நாற்றம் பியூட்டிரிக் அமிலத்துடையது. மண்ணில் வாழும் கிளாஸ்ட்ரிடியம் இனத்து உயிர்களின் வேலை. 1861இல் பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர், காற்றே இல்லாமல் வாழும் உயிர்கள் உண்டு என்று காட்டியது இந்த பியூட்டிரிக் நொதித்தலை ஆராய்ந்தபோதுதான். இவற்றுள் சில, தயாராகிவிட்ட லாக்டிக் அமிலத்தையே தின்று பியூட்டிரிக் அமிலமும் கரியமில வாயுவும் ஹைட்ரஜனும் ஆக்கிவிடும். மூடி உப்பியது அதனால்தான். ஹைட்ரஜன் தீப்பிடிக்கும் வாயு. டிரம் அடுப்பிலிருந்து தள்ளி, திறந்த கொட்டகையில் இருந்தது நல்லதாயிற்று. இதைச் செய்ய நினைப்பவர்கள் பாத்திரத்தை இறுக மூடவே கூடாது; அருகில் விளக்கோ அடுப்போ இருக்கக் கூடாது.

உருளைத் தோலில் ஒட்டிய மண்ணோடு கிளாஸ்ட்ரிடியத்தின் வித்துகளை நானே கொண்டுவந்து போட்டிருக்கிறேன். ஓட்டுப் பொடி முழுவதையும் முதலிலேயே கொட்டி, புளிப்பு என்ற வேலியையும் நானே பிடுங்கியிருக்கிறேன். பானையை யார் ஆள்வது என்பதை முடிவு செய்வது நாம் போடும் பொருள் அல்ல. நாம் காக்கும் புளிப்பும் சூடும்தான். புளிப்பு மிஞ்சினால் நம் உயிர்கள் நிற்கின்றன, குறைந்தால் பிற உயிர்கள் நுழைகின்றன. அந்த நடுவரப்பில் பானையைப் பிடித்து வைப்பதே முழு வேலையும். மற்றவை சமையல்தான்.

மூன்றாம் தடவைக்கு மூன்று மாதம் காத்திருந்து தை மாதம் தொடங்கினேன். இந்தத் தடவை பொன்னிச் சோறு மட்டும். மட்டை அரிசியின் தவிட்டு நிறம் கடைசி வரை ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதால் அதைத் தனியே வைக்கச் சொல்லிவிட்டேன். குழம்போ எண்ணெயோ படாத, அண்டாவின் அடியில் நின்ற சோறு. இலையில் மிஞ்சியதை எடுக்கவில்லை. உணவுக் கழிவு என்று ஒரே பெயரில் அழைத்தாலும் அதில் பத்துப் பொருள் இருக்கிறது. பிரித்து வாங்கினால் மூலப்பொருள், கலந்துவிட்டால் குப்பை. அண்ணியும் கடையில் வேலை செய்யும் இரண்டு பெண்களும் இரண்டு வாளிகள் வைத்துப் பிரித்துத் தந்திராவிட்டால் இந்தப் பதிவே இல்லை.

மூன்று கிலோ சோற்றைக் கஞ்சித் தண்ணீரும் கிணற்று நீரும் சேர்த்துப் பத்து லிட்டராக்கி, இருபது நிமிடம் கொதிக்க வைத்துக் கூழாக்கினேன். சூடு 62 டிகிரிக்கு இறங்கியதும் 250 கிராம் முளைகட்டிய கேழ்வரகு மாவைக் கரைத்து ஊற்றி, பாத்திரத்தைப் பழைய கம்பளியால் சுற்றி வைக்கோலுக்குள் புதைத்தேன். கொதிக்கும்போது ஊற்றினால் நொதி செத்துவிடும். ஆறிய பிறகு ஊற்றினால் வேலை நாள் முழுதும் இழுக்கும்.

வெள்ளைப் பீங்கான் தட்டில் வரிசையாகச் சொட்டு வைத்து அயோடின் பார்த்தேன். முதல் சொட்டு பேனா மை போல் கருநீலம். நாற்பதாவது நிமிடச் சொட்டு நாவல்பழத் தோல் நிறம். ஒன்றேகால் மணி நேரத்தில் செம்பழுப்பு. இரண்டு மணி நேரத்தில் அயோடினின் சொந்த மஞ்சள் மட்டும் நின்றது. நீலம் துளியும் இல்லை. கரண்டியில் நிமிர்ந்து நின்ற கூழ் மோர் போல ஓடியது. நாக்கில் வைத்தால் வெல்லம் போடாமலே இனித்தது. பத்தாம் வகுப்பு மாணவர்களைக் கூப்பிட்டு அந்தத் தட்டைக் காட்டினேன். ஒரு மாணவி நான்கு சொட்டுகளையும் வண்ணப் பென்சிலால் நோட்டில் வரைந்துகொண்டாள்.

வடிகட்டி, மறுபடி கொதிக்க வைத்து, 48 டிகிரிக்கு ஆறவிட்டேன். தயிரும் இல்லை, இட்லி மாவும் இல்லை. சூடு காட்டாத முளைகட்டிய கேழ்வரகு மாவு ஒரு பிடியைக் கொதிநீரில் போட்டெடுத்த துணியில் முடிந்து உள்ளே தொங்கவிட்டேன். முளைவிட்ட தானியத்தின் உமியில் லாக்டிக் அமில உயிர்கள் இயல்பாகவே இருக்கும். தொழிற்சாலைகளில் பேர்பெற்ற லாக்டோபேசில்லஸ் டெல்புருக்கி 45 முதல் 50 டிகிரிச் சூட்டில் சுறுசுறுப்பாக இருப்பது. அந்தச் சூட்டில் வேறு பல உயிர்கள் தளர்ந்துவிடும். சூடு காக்க, மீன் கடையில் வாங்கிய தெர்மாகோல் பெட்டிக்குள் பாத்திரத்தை வைத்து, நாற்பது வாட் குண்டு பல்பும், கோழிமுட்டை பொரிக்கும் பெட்டிகளில் வைக்கும் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியும் பொருத்தினேன். பல்பு தெர்மாகோலைத் தொடாதபடி தகரத் தட்டு ஒன்றை இடையே நிறுத்தினேன்.

பதினெட்டு மணி நேரத்தில் பி.எச். 4.3. அங்கிருந்து முட்டை ஓடு. ஓடுகளைக் கொதிக்க வைத்து, உள்சவ்வை உரித்து, வெயிலில் காயவைத்து, மிக்ஸியில் மாவாக அரைத்திருந்தேன். சவ்வு புரதம், விட்டுவிட்டால் அழுகல் நாற்றத்துக்கு அதுவே விதை. ஒரு வேளைக்குப் பத்து கிராம், நாளுக்கு ஐந்து வேளை: விடியற்காலை, பள்ளிக்குக் கிளம்பும் முன், வந்ததும், இரவு எட்டு மணிக்கு, படுக்கும் முன். போடும் ஒவ்வொரு முறையும் நுரை எழுந்து அடங்கும். தாளில் 5க்கும் 5.5க்கும் நடுவே நிறம் நிற்கிறதா என்று பார்ப்பேன். கண்விழித்துக் காத்த ஐந்து நாள். கடைசியில் மொத்தம் 240 கிராம் பொடி போயிருந்தது. ஆறாம் நாள் பொடி போடாமலே எட்டு மணி நேரம் பி.எச். இறங்காமல் நின்றது. சர்க்கரை தீர்ந்துவிட்டது. மூக்கை வைத்துப் பார்த்தேன். மோரின் வாசம், வேறொன்றும் இல்லை.

உடனே சூடாக்கி, திரண்டு வந்த புரதத்தை அரித்தெடுத்து, வேட்டித் துணியை இரட்டையாக மடித்துச் சூட்டோடு வடித்தேன். ஆறினால் துணியிலேயே உறையும். எட்டரை லிட்டர் கிடைத்தது. நான்கு லிட்டர் வரை அடுப்பில் சுண்டவிட்டு, மிச்சத்தை எவர்சில்வர் தட்டுகளில் ஊற்றி மொட்டைமாடியில் கொசுவலை போட்டு வைத்தேன். தை மாதத்தில் பாலக்காட்டுக் கணவாயில் கிழக்கிலிருந்து வீசும் காற்றுக்குத் துணி அரை மணியில் காயும். விறகுச் செலவில் பாதியை அந்தக் காற்று மிச்சப்படுத்தியது. இரண்டரை லிட்டரானதும் ஒரு பாத்திரத்தில் சேர்த்து இரவு அசைக்காமல் விட்டேன்.

காலை ஐந்தரை மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்தேன். பாத்திரத்தின் சுவரோரம் காலிஃபிளவர் பூ போல் குட்டிக் குட்டிக் குவியல்கள். ஒவ்வொரு குவியலும் நடுவிலிருந்து ஊசிகளாக விரிந்திருந்தது. அடியில் ஒரு விரல் கனத்துக்கு வெள்ளை. அண்ணியை எழுப்பிக் காட்டினேன். இருவரும் கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தோம்.

காய்ந்த பின் 340 கிராம், இளம்பழுப்பு. 240 கிராம் ஓடு முழுதும் மாறியிருந்தால் ஏறக்குறைய 695 கிராம் வந்திருக்க வேண்டும். மிச்சத்தில் பெரும்பகுதி, படிகம் பிரிந்த பின் எஞ்சும் தாய்க்கரைசலில் கரைந்தே நிற்கிறது. வெந்நீரில் மறுபடி கரைத்து, கொட்டாங்கச்சிக் கரித்தூள் போட்டு வடித்து, இரண்டாம் முறை உறைய விட்டதில் 230 கிராம் வெள்ளைப் படிகம். வினிகர் விட்டால் நுரைக்கவில்லை, ஆகவே கரையாத ஓடு கலந்திருக்கவில்லை. சுடரில் காட்டினால் கால்சியத்தின் செங்கல் சிவப்பு. இதை யாரும் மருந்தாக உண்ணக் கூடாது. மருந்துக் கடையில் அதே பெயரில் விற்கும் மாத்திரையின் தூய்மை வேறு, என் மொட்டைமாடித் தட்டின் தூய்மை வேறு.

அமிலத்தையே பிரித்துப் பார்க்க, பள்ளி ஆய்வகத்தில் கண்ணாடியும் கையுறையும் அணிந்து, 30.8 கிராம் படிகக் கரைசலில் நீர்த்த கந்தக அமிலத்தைக் கணக்குப்படி சேர்த்தேன். பால் போல் ஜிப்சம் (கால்சியம் சல்பேட்) இறங்கியது. கணக்கில் 18 கிராம் லாக்டிக் அமிலத்துக்கு 17.2 கிராம் ஜிப்சம். கிட்டத்தட்ட எடைக்கு எடை. பெரிய ஆலைகளுக்கும் இதே தலைவலிதான்: ஒரு டன் அமிலத்துக்கு ஏறத்தாழ ஒரு டன் ஜிப்சம். ஒரு கழிவை ஒழிக்க இன்னொன்றைக் குவிப்பதில் எனக்கு விருப்பமில்லை. அதனால் கால்சியம் உப்பாகவே நிறுத்திக்கொண்டு, அதற்கு வேலை தேடினேன்.

வேலை பக்கத்திலேயே இருந்தது. எங்கள் பகுதித் தக்காளியில் காயின் அடி கறுத்து அமுங்கிப் போகும் கோளாறு உண்டு. காய்க்குக் கால்சியம் போய்ச் சேராததால் வருவது. தண்ணீர் ஒரு வாரம் விட்டு, ஒரு வாரம் விடாமல் போனால் கூடும். முதல் மருந்து சீரான பாசனம்தான். கூடவே கால்சியம் குளோரைடு தெளிப்பார்கள். குளோரைடு உப்பு வெயில் நேரத்தில் இலை நுனியைக் கருக்கும். லாக்டேட் படிகத்தில் கால்சியம் நூற்றுக்குப் பதின்மூன்று பங்கு, நீர் சேர்ந்த குளோரைடுப் படிகத்தில் இருபத்தேழு; எனவே லிட்டருக்கு ஐந்து கிராம் குளோரைடு தெளிக்கும் இடத்தில் இதைப் பத்து கிராம் கரைக்க வேண்டும். அண்ணன் கூட்டாளி ஒருவர் ஒழலப்பதிப் பக்கம் முக்கால் ஏக்கரில் தக்காளி போட்டிருக்கிறார். நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “டீச்சர், எல்லாச் செடிக்கும் அடித்தால் வித்தியாசம் எப்படித் தெரியும்? பாதியை விட்டுவிடலாம்” என்று அவரே சொன்னார். இரண்டு வரிசைக்குத் தெளித்திருக்கிறோம். நடுவே ஒரு வரிசை விட்டு, அடுத்த இரண்டு வரிசைக்கு வெறும் தண்ணீர். செடிகளுக்குத் துணி கட்டி அடையாளம் வைத்தாகிவிட்டது. ஒவ்வொரு வரிசையிலும் கறுத்த காய்களைத் தனியாக எண்ண நோட்டும் பேனாவும் அவர் மோட்டார் அறையில் இருக்கின்றன. அடுத்த பறிப்பு வெள்ளிக்கிழமை.